வலக்கையும் உறுதிமொழியும்

 

வீரத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தமிழ் படித்த எவருக்கும் வீரம் என்றவுடன் விழுப்புண்ணும் நடுகல்லும் நினைவில் எழும். நிரை மீட்கச் சென்று மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டனர், பெயர் பொறித்தனர், பூச்சூட்டி வழிபட்டனர். அந்த மரபில் ஒரு செய்தி சொல்லாமலே அடங்கிக் கிடக்கிறது. மாண்டவன் அந்த ஊரின் மகன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவன் வீரம் அளக்கப்பட்டது. அவன் உரிமை அளக்கப்படவில்லை.

எந்த மண்ணுக்காக ஒருவன் போரிடுகிறானோ அந்த மண்ணே அவனைப் பகைவன் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தால், அவன் பெறும் விழுப்புண்ணுக்கு என்ன பொருள்? இவ்வினாவை எழுப்பும் வாழ்வொன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அமெரிக்கக் காலாட்படையில் போரிட்டு வலக்கையை இழந்து, பின்னர் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் அந்நாட்டின் செனட் சபையில் வீற்றிருந்த டேனியல் கென் இனோயே அவர்களின் வாழ்வு அது.

அக்கதை ஒரு கடனில் தொடங்குகிறது. சப்பானின் புக்குவோக்கா மாவட்டத்தில் யோக்கோயாமா என்றொரு சிற்றூர். அங்கே இனோயே குடும்பத்தார் வீட்டில் பற்றிய தீ அண்டை வீடுகளையும் எரித்துவிட்டது. இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு அக்குடும்பத்தின் தலையில் விழுந்தது. உள்ளூரில் உழைத்து அடைக்க முடியாத அந்தக் கடனுக்காக அசாக்கிச்சி என்னும் மகன், மனைவியையும் நான்கு வயதுப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு 1899ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டத்திற்குக் கப்பலேறினார். நெட்டாலுக்கும் மொரீசியசுக்கும் பிஜிக்கும் கரும்பு வெட்டச் சென்ற நம்மவர்களின் வழித்தோன்றல்களுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. கடன் தீர்ந்ததும் ஊர் திரும்புவோம் என்பதுதான் எண்ணம். கடன் தீர்வதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்த நான்கு வயதுப் பிள்ளை ஹியோத்தாரோ ஹவாயிலேயே வளர்ந்து மணம் முடித்தார். அவருடைய மூத்த மகனாக 1924ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஹொனலுலுவில் பிறந்தவர் டேனியல்.

அமெரிக்க மண்ணில் பிறந்ததால் மகன் குடிமகன். நான்கு வயது முதல் அங்கேயே வாழ்ந்த தந்தையோ அயலார். சட்டம் அப்படித்தான் இருந்தது. ஹவாயில் வாழ்ந்த தக்காவோ ஒசாவா என்னும் சப்பானியர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், வெள்ளையர் அல்லாத சப்பானியர் அவ்வுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 1923இல், அதே நீதிமன்றம் பஞ்சாபிலிருந்து சென்ற பகத் சிங் திண்ட் என்பவருக்கும் அதையே சொன்னது. திண்ட் முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர். படைச் சீருடை அவருக்குத் துணை நிற்கவில்லை. அப்போரில் பணியாற்றியவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்த பிறகே, 1936இல், அவர் குடிமகனானார். சப்பானிலிருந்து வந்தவர்களுக்கு வாயில் திறந்தது 1952இல். ஆக, மகன் அமெரிக்காவுக்காகக் கையை இழந்த 1945ஆம் ஆண்டில் தந்தை அந்நாட்டின் குடிமகனாக விரும்பினாலும் ஆக முடியாதவராக இருந்தார். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேட்குமாறு வேண்டுகிறேன்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. முத்துத் துறைமுகத்தின்மீது சப்பானிய வானூர்திகள் குண்டு பொழிந்தன. பதினேழு வயது டேனியல் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி பயின்றிருந்தவர். உடனே உதவி நிலையத்துக்கு விரைந்தார். வீழ்ந்து கிடந்த நகர மக்களைத் தூக்கினார். புண்களுக்குக் கட்டுப் போட்டார். வீடு திரும்பப் பல நாள்களாயின. வானத்தில் கண்ட அந்தச் சிவப்பு வட்டச் சின்னம், தம்மைப் போன்ற முகமுடையவர்களின் வாழ்வை அந்நொடியிலேயே மாற்றிவிட்டது என்பதை அப்போதே உணர்ந்ததாக அவர் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

அவர் உணர்ந்தது சரியாகவே இருந்தது. 1942 பிப்ரவரி 19இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த சப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசல் விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மூவரில் இருவர் அங்கேயே பிறந்த குடிமக்கள். ஹவாயிலோ மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சப்பானிய மரபினர். அவர்களை அகற்றினால் தீவின் தொழில்கள் நின்றுவிடும். அதனால் அங்கே பெருந்திரளான வெளியேற்றம் நிகழவில்லை. ஆயினும் படைக்கு ஆள்சேர்க்கும் பதிவேட்டில் சப்பானிய மரபின் இளைஞர் 4-சி என்று குறிக்கப்பட்டனர். அயல்நாட்டாருக்குரிய பிரிவு அது. பிறந்த நாட்டிலேயே அயலாராகினர்.

1943இல் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. பெரும்பாலும் சப்பானிய மரபினரைக் கொண்ட 442ஆம் காலாட்படைப் போர்க்குழு உருவாயிற்று. ஹவாயிலிருந்து 1,500 பேர் வேண்டும் என்றனர். ஏறத்தாழ 10,000 பேர் முன்வந்தனர். அறுவை மருத்துவராகும் கனவோடு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த டேனியல் படிப்பை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்தார். இந்நாடு நமக்கு நல்லது செய்திருக்கிறது, அதற்கும் குடும்பத்துக்கும் இழுக்குத் தேடாதே என்பதே தந்தை விடைகொடுத்து அனுப்பிய சொல்லின் சாரம். அந்நாடு தமக்குக் குடியுரிமை மறுத்திருந்த நிலையில் அத்தந்தை அவ்வாறு சொன்னார்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஷெல்பி முகாமில் பயிற்சி. அங்கே ஹவாய் இளைஞருக்கும் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்த சப்பானிய மரபு இளைஞருக்கும் ஓயாத சண்டை. அவர்கள் பேச்சு வேறு, பழக்கம் வேறு. பெருநிலத்து இளைஞர் காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பதும் கலகலப்பின்றி ஒதுங்கியிருப்பதும் ஹவாய்க்காரருக்கு எரிச்சலூட்டின. ஒருநாள் ஹவாய் வீரர்கள் சிலரை ஆர்க்கன்சா மாநிலத்திலுள்ள தடுப்பு முகாமுக்கு விருந்தினராக அழைத்துச் சென்றனர். இனோயேயும் சென்றார். முள்வேலியையும், காவற்கோபுரங்களையும், உள்நோக்கித் திரும்பியிருந்த துப்பாக்கிகளையும் கண்டார். தம்மோடு பயிலும் தோழர்களின் பெற்றோர் அவ்வேலிக்குள் இருந்தனர். திரும்பும் வழியில் வண்டியில் பேச்சில்லை. சண்டையும் அன்றோடு ஓய்ந்தது.

அன்று தம்முள் எழுந்த வினாவை இனோயே இறுதிவரை திரும்பத் திரும்பக் கூறினார்: அந்த வேலிக்குள் என் குடும்பம் இருந்திருந்தால் நான் படையில் சேர முன்வந்திருப்பேனா? 'ஆம்' என்று விரைந்து விடையளித்துப் பெருமை தேடிக்கொள்ளவில்லை அவர். தமக்குத் தெரியவில்லை என்றே சொன்னார். அவர் வீரத்தில் ஐயுறுவார் எவருமில்லை; ஆனால் அந்தத் தெரியவில்லை என்ற சொல்லையே நான் அவர் வாழ்வின் திறவுகோலாகக் கருதுகிறேன்.

442ஆம் படை 1944இல் இத்தாலியில் போர்முனை கண்டது. பின்னர் பிரான்சின் வோஸ்ஜ் மலைக்காடுகளுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் டெக்சாசுப் படையைச் சேர்ந்த ஒரு பிரிவு செருமானியரால் சூழப்பட்டுக் காட்டில் சிக்கியது. முதலில் அனுப்பிய படைகளால் மீட்க முடியவில்லை. 442ஆம் படை அனுப்பப்பட்டது. மீட்கப்பட்டவர் 211 பேர். அவர்களை மீட்கும் முயற்சியில் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்த 442ஆம் படையினர் ஏறத்தாழ 800 பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டாம். அப்போர்களில் காட்டிய திறத்தால் இனோயே போர்க்களத்திலேயே அதிகாரியாக உயர்த்தப்பட்டார்.

1945 ஏப்ரல் 21. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் சான் டெரென்ஸோ என்னும் ஊருக்கு அருகில் ஒரு மலைமுகடு. அங்கே செருமானியரின் இயந்திரத் துப்பாக்கி நிலைகள் மூன்று. தம் வீரர்களை நடத்திச் சென்ற இருபது வயது இனோயேயின் வயிற்றுப் பகுதியில் குண்டு பாய்ந்தது. நிற்காமல் முன்னேறி இரண்டு நிலைகளை அழித்தார். மூன்றாவதை நோக்கிக் கையெறி குண்டை வீச வலக்கையை ஓங்கியபோது, எதிரியின் குண்டு முழங்கையைச் சிதைத்தது. கை தொங்கிவிட்டது; ஆனால் பிணைப்பு நீக்கிய குண்டு அந்த உணர்வற்ற விரல்களுக்குள்ளேயே இறுகியிருந்தது. உதவ ஓடிவந்தவர்களை விலகுமாறு கத்திவிட்டு, இடக்கையால் அதைப் பிடுங்கி எறிந்து மூன்றாம் நிலையையும் அழித்தார். காலிலும் குண்டு பாய்ந்து சரியும்வரை ஓயவில்லை. பதினொரு நாள்களில், மே 2இல், இத்தாலியில் போர் முடிந்துவிட்டது.

இதுவரை கேட்ட பகுதி நம் புறத்திணைப் புலவர்கள் மகிழ்ந்து பாடக்கூடிய பகுதி. இனோயே 1967இல் வெளியிட்ட தன்வரலாற்றில் வேறொரு நிகழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். காலில் அடிபட்டுக் கிடந்த செருமானிய வீரன் ஒருவன் தன் சட்டைக்குள் கையை விட்டான். துப்பாக்கியை எடுக்கிறான் என்று எண்ணிய இனோயே அவனைச் சுட்டு வீழ்த்தினார். விரிந்து விழுந்த அவன் கையில் இருந்தது ஒரு நிழற்படம். அதில் ஓர் இளம் மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும். எடுத்துக் காட்டித் தன்னை விட்டுவிடுமாறு வேண்ட எண்ணினானோ என்னவோ! போர்க்களத்தில் எண்ணிப் பார்க்க நேரமில்லை என்று எழுதிய இனோயே, தாம் ஒருத்தியைக் கைம்பெண்ணாகவும் இரு குழந்தைகளைத் தந்தையற்றவராகவும் ஆக்கியதை மறைக்கவில்லை. பதக்கச் சான்றிதழ் எதிலும் இடம்பெறாத இந்நிகழ்ச்சியைத் தாமே எழுதி வைத்ததில் அவருடைய நேர்மை தெரிகிறது.

மருத்துவமனையில் அவர் கை அகற்றப்பட்டது. பலமுறை குருதி ஏற்ற வேண்டியிருந்தது. அந்தப் புட்டிகளில் கொடுத்தவரின் பெயரும் படைப்பிரிவும் எழுதியிருந்ததாகவும், அவை கறுப்பின வீரர்களைக் கொண்ட 92ஆம் காலாட்படையினருடையவை என்றும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்காலத்தில் அமெரிக்காவில் கறுப்பினத்தார் குருதியைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்களின் குருதியால் ஒதுக்கப்பட்ட ஒருவர் உயிர் பிழைத்தார்.

தாயகம் திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் முடிதிருத்தும் நிலையம் ஒன்றுக்குள் நுழைந்தார். உடம்பில் அதிகாரியின் சீருடை. மார்பில் பதக்க நாடாக்கள். ஒரு பக்கத்தில் கையில்லாத சட்டை. சப்பானியருக்கு முடி வெட்டுவதில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். இதனால்தான் தொடக்கத்திலேயே அந்த வினாவை எழுப்பினேன். விழுப்புண் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அதைப் படிக்க மறுக்கும் கண்களுக்கு அது வெறும் ஊனமே.

அறுவை மருத்துவராகும் கனவு கையோடு போயிற்று. அரசியலும் சட்டமும் பயின்றார். 1959 ஆகஸ்டில் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. அதன் முதல் பிரதிநிதியாகத் தேர்வு பெற்ற இனோயே, சப்பானிய மரபிலிருந்து அந்த அவைக்குச் சென்ற முதல்வர். பதவியேற்பின்போது அவைத் தலைவர் சாம் ரேபர்ன் வழக்கம்போல், வலக்கையை உயர்த்தி உறுதிமொழி கூறுமாறு பணித்தார். உயர்ந்தது இடக்கை. உயர்த்த வலக்கை இல்லை. அவையில் நிலவிய அமைதியில், அங்கிருந்தோர் உள்ளத்துத் தப்பெண்ணங்கள் பல உதிர்ந்து வீழ்ந்தன என்னும் கருத்துப்பட உறுப்பினர் ஒருவர் பின்னர் அவைக்குறிப்பில் பதிவு செய்தார்.

உருக்கமான காட்சிதான். ஆனால் என்னால் அங்கே நின்றுவிட முடியவில்லை. ஒருவன் தன் நாட்டு மக்களின் தப்பெண்ணத்தைக் களைய ஒரு கையை விலையாகக் கொடுத்தாக வேண்டும் என்றால், இரண்டு கைகளோடும் இருக்கும் அவன் தம்பியின் நிலை என்ன? கரும்புத் தோட்டத்தில் உடல் தேய்ந்த பாட்டியின் நிலை என்ன? போருக்குச் செல்லாத, செல்ல விரும்பாத ஒருவனுக்கு அந்த மண்ணில் இடமில்லையா?

அப்படிச் செல்ல மறுத்தவர்களும் இருந்தார்கள். வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுண்டன் முகாமில் அடைபட்டிருந்த இளைஞர் பலர், முதலில் எங்கள் பெற்றோரை விடுவியுங்கள், பிறகு படைக்கு அழையுங்கள் என்றனர். 1944இல் 63 பேர் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றனர். 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். ஆனால் சொந்தச் சமூகத்தார் அவர்களை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. ஜான் ஒக்காடா என்னும் எழுத்தாளர், படையில் சேர மறுத்துச் சிறை சென்று திரும்பிய இளைஞன் ஒருவனைத் தலைமை மாந்தனாக்கி 1957இல் 'நோ-நோ பாய்' என்ற புதினத்தை எழுதினார். அவரோ போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர். தாம் செல்லாத வழியில் சென்றவனின் நெஞ்சுக்குள் புகுந்து எழுதினார். அந்நூல் அன்று வரவேற்பின்றிப் போயிற்று. 1971இல் ஒக்காடா மறைந்தபின், 1976இல் வந்த மறுபதிப்பே அதை வாழவைத்தது. இங்கிருக்கும் எழுத்தாளர்கள் இச்செய்தியைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இனோயேயின் பிற்கால வாழ்வு சிறப்புப் பெறுவது இங்கேதான். தம் கையைக் காட்டித் தமக்கு மட்டும் இடம் கேட்டவர் அல்லர் அவர். முகாம்களில் நடந்ததை ஆராய 1980இல் ஓர் ஆணையம் அமையப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். அதன் பயனாக 1988 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், அரசின் சார்பில் மன்னிப்புக் கோரியது. முகாமில் இருந்து உயிரோடு எஞ்சியவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. போருக்குப் போனவரா, மறுத்தவரா, மூதாட்டியா, குழந்தையா என்று அச்சட்டம் கேட்கவில்லை. அநீதி இழைக்கப்பட்டவரா என்று மட்டுமே கேட்டது. இனோயே கொடுத்த கைக்கு ஈடாக எதையேனும் சொல்ல முடியுமென்றால், நான் இதையே சொல்வேன்.

அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்களின் உரிமைகளை 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்று பறித்துவிட்டது. அவர்களுக்காகவும் அவர் பல்லாண்டு வாதாடினார். 2009இல் முதுமையில் தளர்ந்திருந்த அவ்வீரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது.

அவருக்குரிய பெருமையும் காலந்தாழ்ந்தே வந்தது. போர்முடிவில் அவருக்குக் கிட்டியது இரண்டாம் நிலைப் பதக்கம். ஆசிய மரபினர் பெற்ற பதக்கங்களை மறுஆய்வு செய்தபின், 2000 சூன் 21இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் அம்மரபினர் 22 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை வழங்கினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் அதைப் பெற்றுக்கொள்ள உயிரோடு இல்லை.

ஐயம் முழுமையாக அகன்றுவிட்டதா என்றால், இல்லை. 1973இல் வாட்டர்கேட் விசாரணையின்போது ஒரு வழக்கறிஞர் அவரை இனத்தைச் சுட்டி இழித்துரைத்தார். 1987இல் ஈரான்-கான்ட்ரா விசாரணைக் குழுவின் தலைவராக, படைவீரன் சட்டத்துக்குட்பட்ட ஆணைகளுக்கே கட்டுப்பட்டவன் என்பதை அவர் எடுத்துரைத்தார். அப்போதும் அவருடைய இனத்தைப் பழித்து மடல்களும் தந்திகளும் வந்து குவிந்தன. நாற்பதாண்டுகளுக்கு முன்பே கையைக் கொடுத்துவிட்டவர் அவர்.

அவரைக் குறையற்ற சிலையாக்கி உங்கள்முன் நிறுத்துவது என் நோக்கமன்று. 1992ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பெண்ணொருவர் அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றம் சாட்டினார். இனோயே அதை மறுத்தார்; வழக்கு விசாரணை ஏதும் நடைபெறவில்லை. அதையும் அறிந்தே அவர் வாழ்வை மதிப்பிட வேண்டும். வீரம் ஒருவரை எல்லா வினாக்களுக்கும் அப்பால் கொண்டு செல்வதில்லை. போர்க்களத்தில் அவர் செய்ததை அவ்வினாக்கள் இல்லாமலாக்குவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் துணிவு திறனாய்வாளருக்கு வேண்டும்.

2012 டிசம்பர் 17இல் எண்பத்தெட்டாம் அகவையில் இனோயே மறைந்தார். 'அலோஹா' என்பதே அவருடைய இறுதிச் சொல் என்று அவர் அலுவலகம் அறிவித்தது. அன்பையும் வரவேற்பையும் விடைபெறுதலையும் ஒருங்கே குறிக்கும் ஹவாய்ச் சொல் அது. சப்பானிலிருந்து கடனோடு வந்த குடும்பத்தின் பேரன், அமெரிக்க அதிகாரத்தின் உச்சியில் இருந்து, தீவின் பழங்குடி மொழியில் விடைபெற்றார்.

கவிஞர் பெருமக்களே! கல்லில் பெயர் பொறிப்பது ஊரின் வேலை. கல்லில் இடம்பெறாதவற்றைச் சொல்லில் பொறிப்பது உங்கள் வேலை. குண்டு பிடித்த கையைப் பாடுங்கள். நிழற்படம் பிடித்திருந்த கையையும் மறவாமல் பாடுங்கள். களத்தில் வீழ்ந்தவனைப் பாடுங்கள். முள்வேலிக்குள் நின்று 'வரமாட்டேன்' என்றவனையும் கேளுங்கள். வந்தேறியின் பிள்ளை குருதி சிந்தினால்தான் அவனை நம்மவன் என்போம் என்று எந்த நாடு சொன்னாலும், அங்கே வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளையன்று.